தணிக்கைப் பத்தி எந்தத் தேதியில் தீர்ந்தது என்று கேளுங்கள்

ஏற்காடு ஒன்றியத்தில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் கிராம சபையில் 'தணிக்கை அறிக்கை வைக்கப்பட்டது, ஒப்புதல் அளிக்கப்பட்டது' என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். அறிக்கையை யாரும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. ஊராட்சியைத் தணிக்கைத் துறை பார்க்கிறது, சரி. அந்தத் துறை தன் வேலையைச் சரியாகச் செய்கிறதா என்று யார் பார்ப்பது? எங்களால் பார்க்க முடியுமா?"

முடியும். பத்து ரூபாய் செலவும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும். ஆனால் எதைக் கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் "என்ன முறைகேடு கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டு, ஒரு கட்டுத் தாளை வாங்கி, புரியாமல் மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள். ஒரு தணிக்கை அமைப்பை எடைபோட அந்தக் கேள்வி உதவாது. தணிக்கைப் பத்தி, அதாவது தணிக்கையர் அறிக்கையில் ஏற்றுகிற குறை, எழுதப்பட்டது எப்போது, கைக்கு வந்தது எப்போது, தீர்ந்தது எப்போது, எப்படித் தீர்ந்தது என்பதுதான் கேட்க வேண்டியது. நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களில் கணக்கு பார்த்து ஓய்வு பெற்றவன். தணிக்கைக்கு உட்படுகிற பக்கம் உட்கார்ந்திருந்தவன் என்பதால், அந்தப் பக்கத்தில் என்ன நடக்கும் என்பதைச் சொல்ல முடியும்.

முதலில் அமைப்பு. தமிழ்நாட்டில் உள்ளாட்சிகளின் கணக்கைப் பார்ப்பது உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை. வெள்ளைக்காரர் காலத்தில் சென்னை மாகாணத்தில் 'எக்ஸாமினர்' என்ற அதிகாரியின் கீழ் இருந்த வேலை இது. இன்று ஓர் இயக்குநரின் கீழ், மாவட்டங்களில் உதவி இயக்குநர் அலுவலகங்களோடு நடக்கிறது. முன்பு இந்தத் துறையின் அதிகாரம் ஊராட்சிச் சட்டத்தில் ஒரு பிரிவு, நகராட்சிச் சட்டத்தில் ஒரு பிரிவு என்று சிதறிக் கிடந்தது. 2014-இல்தான் தமிழ்நாடு உள்ளாட்சி நிதித் தணிக்கைச் சட்டம் என்று தனிச் சட்டம் வந்தது. துறை இருப்பது நிதித் துறையின் கீழ். ஊரக வளர்ச்சித் துறையின் கீழோ நகராட்சி நிர்வாகத் துறையின் கீழோ இல்லை. பணத்தைச் செலவு செய்கிற துறையும் கணக்குப் பார்க்கிற துறையும் ஒரே செயலாளரின் கீழ் இல்லை என்பது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. அது எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

சேலம் மாவட்டத்தில் இந்த வேலையின் அளவை யோசித்துப் பாருங்கள். 60 வார்டுகள் கொண்ட மாநகராட்சி, 6 நகராட்சிகள், 30-க்கு மேற்பட்ட பேரூராட்சிகள், 20 ஊராட்சி ஒன்றியங்கள், 385 கிராம ஊராட்சிகள். பல்கலைக்கழகக் கணக்கும் இந்தத் துறையின் கையில்தான். உங்கள் ஏற்காடு ஒன்றியத்தில் ஊராட்சிகள் 9 மட்டும்தான். ஆனால் அந்த ஒன்பதையும் பார்க்க வருகிறவர் அடிவாரத்தில் பஸ் ஏறி 20 கொண்டை ஊசி வளைவு தாண்டி வர வேண்டும். அப்புறம் ஒன்றிய அலுவலகத்தில் இருந்து நாகலூருக்கோ மாரமங்கலத்துக்கோ வண்டி தேட வேண்டும். வண்டி கிடைக்காத நாளில் பதிவேடுகள்தான் மலையிறங்கி வரும். பதிவேடு வந்தால் கணக்கைப் பார்க்கலாம். சாலையைப் பார்க்க முடியாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தணிக்கையின் தரம் பெருமளவு இந்த இடத்தில்தான் முடிவாகிறது. ஒரு கிராம ஊராட்சியில் தணிக்கை எப்படி நடக்கும் என்று பாருங்கள். ரொக்கப் பதிவேடு, பாஸ் புத்தகம், வவுச்சர் கட்டு, யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்று காட்டுகிற வீட்டு வரி கேட்புப் பதிவேடு, தீர்மானப் புத்தகம், வேலைகளின் அளவைக் குறித்து வைக்கிற எம்-புக் எல்லாம் மேசைக்கு வரும். சந்தேகம் வந்தால் தணிக்கையர் ஒரு தாளை நீளவாக்கில் மடித்து, ஒரு பாதியில் கேள்வியை எழுதிக் கொடுப்பார். மறுபாதியில் நாங்கள் பதில் எழுதித் திருப்ப வேண்டும். 'ஹாஃப் மார்ஜின்' என்று அலுவலகத்தில் சொல்வது இதைத்தான். பதில் சரியாக இருந்தால் விஷயம் அங்கேயே முடியும். இல்லாவிட்டால் அறிக்கையில் பத்தியாக ஏறும். மக்கள் பேச்சில் 'தணிக்கைத் தடை' என்று வருவது இந்தப் பத்திதான்.

நல்ல தணிக்கையர் எதைப் பிடிப்பார் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒரு ஊராட்சியில் குடிநீர் மோட்டார் காயில் கட்டியதாக ஓராண்டில் ஏழு வவுச்சர். தொகை ஒவ்வொன்றும் சின்னது, ரசீது சரி, தீர்மானம் சரி, கையெழுத்து சரி. தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் குறை சொல்ல முடியாது. அந்தத் தணிக்கையர் ஏழு வவுச்சரையும் வரிசையாக மேசையில் பரப்பி வைத்தார். மோட்டாரின் எண் எந்த வவுச்சரிலும் இல்லை. "எந்த மோட்டார்?" என்று ஒரே வரிதான் எழுதினார். ஊராட்சியில் இருந்ததே மூன்று மோட்டார். அப்புறம் பம்ப் ஆபரேட்டரைக் கூப்பிட்டு, எந்தெந்தத் தேதியில் தண்ணீர் வரவில்லை என்று கேட்டார். மூன்று முறைதான் மோட்டார் நின்றது என்று அவர் சொன்னார். நான்கு வவுச்சர் பத்தியாக ஏறியது. ஒரு மனிதர் உட்கார்ந்து நிதானமாக யோசித்தால்தான் இது வெளியே வரும். ஒரு நாளில் இரண்டு ஊராட்சியை முடித்தாக வேண்டும் என்ற அவசரத்தில் வராது.

மலைமேல் இன்னொரு விஷயம் இருக்கிறது. செலவைப் பார்க்கிற தணிக்கை, வராத வரவைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. வீட்டு வரி கேட்புப் பதிவேட்டில் 'ஓட்டு வீடு' என்றும், அதற்கு எதிரே சில நூறு ரூபாயும் இருக்கும். நேரில் போனால் அங்கே விருந்தினர் தங்குகிற மூன்று அடுக்குக் கட்டடம் நிற்கும். பதிவேட்டுக்குள் மட்டும் பார்த்தால் கேட்பும் வசூலும் பொருந்தும், நிலுவை இருக்காது, கணக்கு சுத்தமாக இருக்கும். ஆனால் ஊராட்சிக்கு ஆண்டுதோறும் போகிற நட்டம், ஏழு மோட்டார் வவுச்சரைவிடப் பல மடங்கு. உங்கள் ஊராட்சியின் தணிக்கை அறிக்கை கிடைத்தால், வரி விதிப்பைப் பற்றி ஒரு பத்தியாவது இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். ஒன்றுகூட இல்லையென்றால் தணிக்கை மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, பத்தி எழுதியாகிவிட்டது. அதற்குப் பிறகு என்ன ஆகிறது? என் முழு ஆதங்கமும் இங்கேதான்.

நான் வேலை பார்த்த ஓர் ஒன்றியத்தில் நடந்தது. பெயர் வேண்டாம். 1998-99 ஆண்டுக் கணக்கில் ஒரு சிமெண்ட் சாலை. எம்-புக்கில் நீளம் 180 மீட்டர், அகலம் 3 மீட்டர், கனம் 15 சென்டிமீட்டர். ஆக 81 கன மீட்டர் கான்கிரீட்டுக்குப் பணம் கொடுத்திருந்தது. தணிக்கைக்கு வந்தவர் டேப்பை எடுத்துக்கொண்டு நேரில் போனார். அகலம் எங்கே வைத்தாலும் 2 மீட்டர் 70-ஐத் தாண்டவில்லை. கூடுதலாகக் கொடுத்தது 8.1 கன மீட்டருக்கு. அப்போது போட்டிருந்த விலைப்படி 48,600 ரூபாய். மிகத் தெளிவான பத்தி, ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும். அறிக்கை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது 2002-இல். அளவெடுத்த பொறியாளர் 2003-இல் ஓய்வு பெற்றார். நாங்கள் முதல் பதில் அனுப்பியது 2004-இல். நடுவில் அந்த அறிக்கை எங்கள் பீரோவில் கிடந்தது. அந்தப் பதிலை எழுதியவன் நான். "இனிவரும் காலங்களில் இதுபோல் நிகழாவண்ணம் பார்த்துக்கொள்ளப்படும். தணிக்கைத் தடையை நீக்கம் செய்யக் கோரப்படுகிறது." இந்த இரண்டு வரியை என் பணிக்காலத்தில் எத்தனை முறை எழுதினேன் என்று எனக்கே கணக்கு இல்லை. எழுதச் சொன்னார்கள், எழுதினேன். அது தவறு என்று அப்போதே தெரியும். கடைசியில் 2011-இல், தணிக்கைத் துறையும் நாங்களும் சேர்ந்து உட்கார்ந்து பத்திகளைத் தீர்க்கிற ஒரு கூட்டமர்வில் அந்தப் பத்தி நீக்கப்பட்டது. ஒப்பந்தக்காரர் ஊரிலேயே இல்லை, பொறியாளர் காலமாகிவிட்டார், வசூலிக்க வழியில்லை என்பது காரணம். 48,600 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. சாலை அதற்கு முன்பே பெயர்ந்து, அதன்மேல் வேறு சாலை போட்டாகிவிட்டது.

அந்தத் தணிக்கையர் வேலையைச் செய்தார். டேப்பைப் பிடித்தது நான்தான், எனக்குத் தெரியும். ஆனால் வேலை நடந்த ஆண்டுக்கும் பத்தி தீர்ந்த ஆண்டுக்கும் நடுவே 12 ஆண்டு. தணிக்கை அமைப்பை ஆராய வேண்டும் என்று நீங்கள் கேட்கும்போது நான் இந்த இடைவெளியைத்தான் நினைக்கிறேன். கண்டுபிடிக்கிற திறமைக்குக் குறைவில்லை. கண்டுபிடித்ததைக் கொண்டு எதுவும் நடக்காமல் போவதற்கு எல்லோருக்கும் வசதியாக ஒரு பாதை இருக்கிறது. அந்தப் பாதைக்குக் காவல் யாரும் இல்லை.

உண்மையில் யாருமே இல்லையா என்றால், சட்டப்படி சிலர் இருக்கிறார்கள். அரசியல் சட்டத்தில் 1992-இல் செய்த 73, 74-ஆம் திருத்தங்கள் ஊராட்சிக் கணக்குத் தணிக்கைக்கு 243ஜே என்ற பிரிவையும் நகராட்சிகளுக்கு 243இசட் என்ற பிரிவையும் கொண்டுவந்தன. ஆனால் அவை சொல்வது என்ன? மாநிலச் சட்டமன்றம் இதற்கு ஏற்பாடு செய்யலாம் என்கின்றன. செய்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. அதே திருத்தங்கள் உள்ளாட்சித் தேர்தலுக்கு மாநிலத் தேர்தல் ஆணையம், நிதிப் பங்கீட்டுக்கு மாநில நிதி ஆணையம் என்று அரசியல் சட்டத்திலேயே இடம் கொடுத்தன. தணிக்கையருக்கு அப்படி ஓர் இடம் கொடுக்கவில்லை. சிஏஜி என்று நாம் சொல்லும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரை உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்குகிற முறையில்தான் நீக்க முடியும். மாநிலத்தின் உள்ளாட்சி நிதித் தணிக்கை இயக்குநர் ஒரு துறைத் தலைவர், அவ்வளவுதான். இந்த வேறுபாடு சின்ன விஷயம் இல்லை.

இந்தக் குறையை மத்திய நிதி ஆணையங்கள்தான் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கப் பார்த்தன. உள்ளாட்சிகளின் கணக்கு, தணிக்கை ஆகியவற்றின் மேற்பார்வை சிஏஜியிடம் இருக்க வேண்டும் என்று 11-ஆவது நிதி ஆணையம் சொன்னது. அதன்படி சிஏஜியின் அலுவலகம் மாநிலத் தணிக்கைத் துறைக்குத் தொழில்நுட்ப வழிகாட்டலும் மேற்பார்வையும் தருகிறது. மாநிலத் துறை எழுதிய அறிக்கைகளில் சிலவற்றை எடுத்து, கேட்க வேண்டியதைக் கேட்டார்களா, விட்டது என்ன என்று பார்க்கலாம், தானும் நேரடியாகச் சில உள்ளாட்சிகளைச் சோதிக்கலாம். 13-ஆவது நிதி ஆணையம் இன்னும் ஒரு படி போய், மாநிலத் தணிக்கை இயக்குநரின் ஆண்டறிக்கையும் சிஏஜியின் தொழில்நுட்ப ஆய்வறிக்கையும் சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும் என்பதைச் செயல்திறன் மானியத்துக்கு நிபந்தனையாக்கியது. 15-ஆவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரைக்கான மானியத்துக்கு, முந்தைய ஆண்டின் தற்காலிகக் கணக்கும் அதற்கும் முந்தைய ஆண்டின் தணிக்கை செய்யப்பட்ட கணக்கும் இணையத்தில் பொதுவில் இருக்க வேண்டும் என்றது. 2020 ஏப்ரலில் மத்திய ஊராட்சி அமைச்சகம் தொடங்கிய 'ஆடிட் ஆன்லைன்' தளம் இந்த நிபந்தனையை நிறைவேற்றப் பெரிதும் பயன்படுகிறது.

இதனால் ஒரு நல்லது நடந்தது. நான்கு ஆண்டு, ஐந்து ஆண்டு பின்தங்கிக் கிடந்த தணிக்கைகள் வேகம் எடுத்தன. மானியம் நின்றுவிடும் என்ற பயம் எந்தச் சுற்றறிக்கையும் செய்யாததைச் செய்தது. ஆனால் வேகத்துக்கு ஒரு விலை உண்டு. கணக்கு குறித்த நாளுக்குள் 'முடிக்கப்பட்டது' என்று காட்டுவது இலக்காகிவிட்டால், மோட்டார் வவுச்சரைப் பரப்பி வைத்து யோசிக்க நேரம் எங்கே இருக்கும்? நிபந்தனை தணிக்கை முடிந்ததா என்று கேட்கிறது. பத்தி தீர்ந்ததா என்று கேட்கவில்லை. எனக்கு இதில் பெரிய வருத்தம்.

இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் கிராம ஊராட்சிக் கணக்கை ஒன்றிய அலுவலகத்தில் இருக்கும் துணை வட்டார வளர்ச்சி அலுவலரே தணிக்கை செய்வார். தணிக்கைத் துறை அவற்றில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துச் சோதிக்கும். வேலைக்கு மதிப்பீடு போட்ட அலுவலகமும் கணக்கைச் சரி என்று சொன்ன அலுவலகமும் ஒரே கூரைக்குக் கீழ். அந்த நிலை இப்போது பெருமளவு மாறியிருக்கிறது. ஆனால் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த சேலம் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்களின் கைக்குப் போயின. 2016-இல் இருந்து 2019 வரையும் இப்படித்தான் இருந்தது. தனி அலுவலர் காலத்தில் செலவு செய்பவர் அரசு அலுவலர், தணிக்கை செய்பவர் அரசு அலுவலர், பத்தியைத் தீர்க்கிற கூட்டமர்வில் இரு பக்கமும் உட்காருவது அரசு அலுவலர்கள். யாரையும் நான் குறை சொல்லவில்லை. ஊர்க்காரர் ஒருவர்கூட இல்லாத அறையில் ஊர்ப் பணத்தைப் பற்றிய முடிவு எடுக்கப்படுகிறது என்பதைச் சொல்கிறேன். அப்படிப்பட்ட ஆண்டுகளின் தணிக்கை அறிக்கையைத்தான் நீங்கள் இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும்.

தணிக்கை அமைப்பைக் கேள்வி கேட்பது அந்த அமைப்பை ஒழிப்பதற்கு இல்லை என்பதற்கு இங்கிலாந்தின் கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் நம் முறையின் வேர் அங்கேதான். சட்டத்துக்குப் புறம்பாகச் செலவு செய்தவரின் கைக்காசில் இருந்தே வசூலிக்கிற 'சர்சார்ஜ்', நம் ஊரில் தண்டத் தீர்வை என்று சொல்வது, அங்கிருந்து வந்ததுதான். லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் நகர மன்றத்தில் 1980-களில், வாக்கு இழுபறியாக இருந்த வார்டுகளில் தங்கள் கட்சிக்கு ஓட்டுப் போடுவார்கள் என்று கருதியவர்களைக் குடியேற்றுவதற்காக மன்றத்தின் வீடுகளை விற்றார்கள். ஜான் மகில் என்ற தணிக்கையர் ஆண்டுக்கணக்கில் விசாரித்து, 1996-இல் அது சட்டத்துக்குப் புறம்பானது என்று எழுதினார். நகர மன்றத்தின் முன்னாள் தலைவர் ஷெர்லி போர்ட்டர் நீதிமன்றங்களுக்குப் போனார். 2001-இல் பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் தணிக்கையர் பக்கமே தீர்ப்புச் சொன்னார்கள். 2004-இல் அவர் 1 கோடியே 23 லட்சம் பவுண்டு கட்டினார். ஒரு தணிக்கைப் பத்திக்கு அவ்வளவு பலம் இருந்தது.

அங்கே இந்தத் தணிக்கையர்களை நியமித்து மேற்பார்வை செய்ய 1983-இல் இருந்து தணிக்கை ஆணையம் என்று ஒன்று இயங்கியது. நாளாக நாளாக அது கணக்கைத் தாண்டி ஆய்வு, தரவரிசை என்று பெருத்துவிட்டது, செலவாளி ஆகிவிட்டது என்று விமர்சனம் எழுந்தது. விமர்சனத்தில் நியாயமும் இருந்தது. ஆனால் 2010-இல் அரசு அதைச் சீர்திருத்தாமல் மூடுவதாக அறிவித்து, 2015 மார்ச் 31-இல் மூடிவிட்டது. வேலை தனியார் நிறுவனங்களுக்கும், பொறுப்பு நான்கைந்து அமைப்புகளுக்கும் பிரிந்து போனது. மொத்தத்துக்கும் பொறுப்பு என்று யாரும் இல்லை என்பதை 2020-இல் டோனி ரெட்மண்ட் தலைமையில் நடந்த ஆய்வு எடுத்துச் சொன்னது. 2023 செப்டம்பர் முடிவில் இங்கிலாந்தில் முடியாமல் நின்ற உள்ளாட்சித் தணிக்கைகள் 918. அதே மாதம்தான் பர்மிங்ஹாம் நகர மன்றம் புதிய செலவுகளை நிறுத்தும் அறிவிப்பை வெளியிட வேண்டிவந்தது. பிறகு 2024 டிசம்பரில் அரசு, உள்ளாட்சித் தணிக்கைக்கு மறுபடியும் ஒரே அலுவலகம் அமைக்கப்போவதாகச் சொன்னது. இருந்ததைத் திருத்தியிருந்தால் இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் ஒரு விண்ணப்பம். முகவரி, சேலம் உள்ளாட்சி நிதித் தணிக்கை உதவி இயக்குநர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலர். பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். ஊராட்சிக்கு அனுப்பாதீர்கள், தணிக்கை அலுவலகத்துக்கே அனுப்புங்கள். நாம் பார்க்கப்போவது அவர்களுடைய வேலையை.

விண்ணப்பத்தில் 'ஏன்' என்று ஒரு இடத்திலும் எழுதாதீர்கள். ஏன் என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று ஒரே வரியில் திருப்பி விடலாம். பதிவேட்டில் இருப்பதை மட்டும் கேளுங்கள். உங்கள் ஊராட்சிக்கு, கடந்த ஐந்து ஆண்டுகளில் ஒவ்வொரு ஆண்டுக்கும், தணிக்கை தொடங்கிய நாள், முடிந்த நாள், அறிக்கை வெளியிட்ட நாள். இது ஒன்று. நிலுவையில் இருக்கிற பத்திகளின் எண், ஆண்டு, தொகை, கடைசியாகப் பதில் வந்த நாள். இது இரண்டு. நீக்கப்பட்ட பத்திகளின் பட்டியலும், எந்தக் கூட்டமர்வில் நீக்கப்பட்டது என்பதும், அந்தக் கூட்டமர்வின் நடவடிக்கைக் குறிப்பு நகலும். மூன்றாவதான இதுதான் மிக முக்கியம், இதைத்தான் யாரும் கேட்பதில்லை. அப்புறம் ஏற்காடு ஒன்றியம் முழுவதற்கும் வழங்கிய தண்டத் தீர்வை உத்தரவுகள் எத்தனை, அவற்றில் வசூலான தொகை எவ்வளவு என்று ஒரு கேள்வி. அந்த அலுவலகத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, காலி எத்தனை என்று இன்னொரு கேள்வி. இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஆள் இல்லாத அலுவலகத்திடம் வேகத்தையும் நிதானத்தையும் சேர்த்து எதிர்பார்ப்பது அநியாயம். அங்கே குறை இருந்தால் அது சென்னையில் தீர்க்க வேண்டிய குறை.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் வழி பிறக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

பதில் வந்ததும் அதை எப்படிப் படிப்பது? ஒரு தாளில் கோடு போட்டு, கணக்காண்டு, அறிக்கை வந்த நாள், பத்தி தீர்ந்த நாள் என்று மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்துக்கும் இரண்டாவதுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் தணிக்கைத் துறையிடம் தாமதம். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் ஊராட்சியும் ஒன்றியமும் பதில் சொல்லவில்லை, தணிக்கைத் துறை துரத்தவும் இல்லை. பல பத்திகள் ஒரே நாளில் மொத்தமாக நீக்கப்பட்டிருந்தால், அந்தக் கூட்டமர்வின் குறிப்பை வரி வரியாகப் படியுங்கள். 'பதில் ஏற்கப்பட்டது' என்றால் என்ன பதில், என்ன ஆவணம் காட்டினார்கள் என்று இருக்க வேண்டும். 'தொகை வசூலிக்கப்பட்டது' என்றால் செலான் எண்ணும் நாளும் இருக்க வேண்டும். நான் எழுதிய அந்த இரண்டு வரிப் பதில் அங்கே கண்ணில் பட்டால், அதில் கோடு போட்டு வையுங்கள்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பத்தி என்றாலே திருட்டு என்று நினைக்காதீர்கள். பாதிக்கு மேல் வவுச்சர் காட்டாதது, தீர்மான எண் எழுதாதது, பிடித்தம் செய்த தொகையை உரிய தலைப்பில் கட்டாதது போன்ற விஷயங்களாகத்தான் இருக்கும். நேர்மையான தலைவர்கள் பலர், ஊராட்சிச் செயலர் கணக்கு எழுதத் தெரியாமல் விட்ட பிழைக்காக ஊரில் தலைகுனிந்ததைப் பார்த்திருக்கிறேன். தொகையையும் காரணத்தையும் பார்க்காமல் பெயரைச் சொல்லிவிட்டால், நாளைக்கு நல்லவர் யாரும் போட்டியிட வரமாட்டார்கள்.

அப்புறம் கிராம சபை. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன் 3-ஆவது பிரிவு, ஊராட்சிக் கணக்கின் தணிக்கை அறிக்கைக்கு ஒப்புதல் தருவதைக் கிராம சபையின் வேலையாகவே எழுதி வைத்திருக்கிறது. ஒப்புதல் தருகிற அதிகாரம் இருந்தால் தராமல் இருக்கிற அதிகாரமும் இருக்கிறது. ஆகவே அறிக்கை வாசிக்கப்படாமல் தீர்மானம் எழுதினால், "அறிக்கை வாசிக்கப்படவில்லை, அடுத்த கூட்டத்தில் பத்தி வாரியாக வாசிக்க வேண்டும்" என்று தீர்மானத்திலேயே எழுதச் சொல்லுங்கள். கத்த வேண்டாம், சண்டை வேண்டாம். அந்த ஒரு வரி தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டால், அடுத்த தணிக்கைக்கு வருகிறவர் அதைப் படிப்பார், ஏனென்றால் தீர்மானப் புத்தகம் அவர் கேட்டு வாங்குகிற முதல் பதிவேடுகளில் ஒன்று. கிராம சபை சொன்ன குறையை அவர் தன் அறிக்கையில் குறிப்பிடாமல் விட்டால், அது அவர் வேலையைப் பற்றி உங்களுக்குக் கிடைக்கிற முதல் எழுத்துச் சான்று.

உங்களோடு கையெழுத்துப் போட இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறவர் ஒருவர் இருந்தால் மிக நல்லது. அவர்களுக்கு ரொக்கப் பதிவேடு படிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்பது ஊராட்சியில் உங்களுடையது எது என்று நீங்கள் சொல்லவில்லை. விண்ணப்பத்தை எழுதி முடித்ததும் அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு நகல் காட்டுங்கள். எந்தக் கேள்வியை எப்படி எழுதினால் திருப்பி அனுப்ப முடியாது என்று பார்த்துத் தருகிறேன். பதில் தாள்கள் வந்த பிறகு, மூன்று கட்டத்தையும் உட்கார்ந்து சேர்ந்தே நிரப்புவோம்.